கடல் மேல், எல்லாம் நலம்

மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வாரம், நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குக் குடிபோனோம். துணிமணிக்கு நான்கு பெட்டி, மருந்துக்கு ஒன்று. மீதி ஏழும் என்னுடையவை. கடைசிப் பெட்டியை இறக்கும்போது வண்டிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“இதுல என்ன சார் இருக்கு, இரும்பா?”

“அவரோட சின்ன வீடு,” என்றாள் என் மனைவி.

வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை தெரிந்தது. இந்த ஐம்பத்தெட்டு வயதில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பெட்டிகளில் இருந்தவை ஒரு கணினி, மூன்று திரைகள், விமானத்துக்கு இருப்பதுபோன்ற ஸ்டியரிங், காலால் மிதிக்கும் பெடல்கள். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். நிஜ விமானத்தில் வாழ்நாளில் இரண்டே முறை ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் முன்னிருக்கைப் பையில் வைத்திருக்கும் காகிதக் கவரை நிரப்பிக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால் கணினியில் ஆயிரத்து நானூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். அதுவும் புது விமானமெல்லாம் இல்லை. எப்போதோ மூடிப்போன கம்பெனிகளின் கால அட்டவணைகளைத் தேடிப் பிடித்து, அதே தடத்தில், அதே கிழமையில், அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே வேகத்தில் ஊர்ந்து போய்ச் சேர்வது. என்னைப்போல வேலை வெட்டி இல்லாத முந்நூறு பேர் சேர்ந்து இதற்கொரு சங்கமே வைத்திருக்கிறோம்.

சங்கத்தில் இரண்டே விதிகள். கிளம்பிவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது. அரைமணிக்கு ஒருமுறை, எங்கே இருக்கிறோம் என்பதைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தக் காலத்து விமானத்திலிருந்து தரை நிலையத்துக்கு ரேடியோவில் சொல்வார்களே, அதன் நினைவாக.

இரண்டாவது விதியில் எல்லாருமே ஒரு திருட்டுத்தனம் செய்வோம். அட்டவணையைப் பார்த்தால் இரண்டு நாற்பதுக்கு எங்கே இருப்போம் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். அதை எழுதிவைத்துவிட்டு எழுந்து போனால், நேரம் வந்ததும் கணினியே அனுப்பிவிடும். விமானம் தன்பாட்டுக்குப் பறக்கும். விமானி சமையலறையில் காபி குடிப்பார்.

மாடியறையை எனக்குக் கொடுத்தார்கள். வெயில் திரையில் விழாமலிருக்க ஜன்னல்களில் கெட்டியான போர்வையைத் தொங்கவிட்டேன். உச்சி வெயிலிலும் உள்ளே கிணற்றுக்குள் இருப்பதுபோல இருட்டாகிவிட்டது. அலமாரியில் பழைய காகித வாசனை. மாமனாரின் கட்டில் நேர் கீழே இருந்ததால் அவர் இருமுவது தரை வழியாக என் காலுக்குக் கேட்கும். வேறு சத்தமே கிடையாது. அந்த வீட்டில் டிவி இல்லை, ரேடியோ இல்லை, கூடத்தில் ஒரு பழைய தொலைபேசி மட்டும். மூடிப்போன எங்கள் ஊர் விமான நிலையத்தின் ரேடியோ அறையில், முப்பத்தைந்து வருடம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர் அவர். சத்தம் அலுத்துவிட்டது போலும் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அலமாரியிலேயே எனக்குப் புதையல் கிடைத்தது. ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய கால அட்டவணை. சாப்பிடும்போது மாமனாரிடம் காட்டினேன்.

“வியாழக்கிழமை ஒண்ணு நாப்பது, மாமா. ரெட்டை விசிறி விமானம். கடலோரமா சுத்தி நம்ம ஊருக்கே வந்து இறங்குது. இதைத்தான் ஓட்டப் போறேன்.”

மாமனார் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“அது வேண்டாம் மாப்பிள்ளை. வேற ஏதாவது ஓட்டுங்க.”

“ஏன் மாமா?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

ஒரு மருமகனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? தவிர, வியாழக்கிழமை என் கடைக்கு விடுமுறை.

ஒன்று நாற்பதுக்குச் சரியாகக் கிளம்பினேன். வானத்தைத் தெளிவாக வைத்திருந்தேன், ஒரு பொட்டு மேகம் கிடையாது. இரண்டே காலுக்கு விமானம் சாதுவாகக் கடற்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ‘2.40. கடல் மேல், எல்லாம் நலம்’ என்று எழுதிவைத்துவிட்டு, ஹெட்போனை மேசைமேல் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

“என்ன, நடுவானத்துல இறங்கி வந்துட்டீங்க?” என்றாள் என் மனைவி. “பயணிங்க கத்த மாட்டாங்களா?”

“அவங்கல்லாம் தங்கமானவங்க. உன்ன மாதிரி இல்ல.”

காபி குடித்தேன். இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மேலே ஏறும்போது பாதிப் படியில் உள்ளங்கால் சில்லிட்டது. மாடியிலிருந்து குளிர் படிப்படியாக வழிந்து வந்துகொண்டிருந்தது, யாரோ குளிர்பெட்டியைத் திறந்துவைத்ததுபோல. கூடவே ஒரு வாசனை. நனைந்த கம்பளியும் பெட்ரோலும் கலந்த வாசனை.

மேசைமேல் கிடந்த ஹெட்போன் பேசிக்கொண்டிருந்தது.

“தரை நிலையம். கேட்குதா?”

எங்கள் சங்கத்தில் குறும்புக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. போன மாதம் ஒருவர் நடுக்கடலில் என் விமானத்துக்குப் பக்கத்தில் வந்து லிஃப்ட் கேட்டார். இதுவும் அப்படித்தான் என்று காதில் மாட்டிக்கொண்டேன்.

“கேட்குது சார், சொல்லுங்க.”

மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோன ஒருவருக்கு, திடீரென்று அது திறந்தால் வருமே, அப்படி ஒரு மூச்சு.

“கேட்குதா? நிஜமாவே கேட்குதா?” பிறகு குரல் திரும்பி, பின்னால் இருந்த யாரிடமோ சொன்னது: “கேட்குதாம்!”

அதற்குப் பின்னால் பலர் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். ஒரு பெண் விசும்பினாள்.

குறும்புக்காரர்கள் பெருமூச்சுக்கு ஆள் சேர்க்கமாட்டார்கள்.

“கடல் மேல இல்ல சார் நாங்க. மலை மேல இருக்கோம். நீங்க தப்பா எழுதியிருக்கீங்க.”

நான் எழுதியதை அவரிடம் சொல்லவே இல்லை.

திரையைப் பார்த்தேன். கடல் இல்லை. நான் வைத்திருந்த தெளிவான வானமும் இல்லை. மூன்று திரையிலும் சாம்பல் நிற மேகம். அது ஒரு கணம் விலகியபோது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஈரமான மரங்கள், ஈரமான பாறை.

குனிந்து, மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். திரைகள் அணைந்தன. ஹெட்போன் வயரும் கையோடு வந்துவிட்டது. அதன் முனை என் உள்ளங்கையில் இருந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை.

“பதினோரு பேர் இருக்கோம்,” என்றது ஹெட்போன்.

அந்த மாடிக்கு எத்தனை படிகள் என்று என்னைக் கேட்காதீர்கள். இறங்கும்போது நான் மிதித்தது இரண்டு.

கீழே மாமனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து நாளாக இரண்டு பேர் தூக்கினால்தான் தலையணையில் சாய முடிந்தவர். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதில் சொல்லிட்டீங்களா?” என்றார் மெதுவாக.

“ஆமா மாமா.”

“நான் ஒருநாளும் சொன்னதில்ல. அணைச்சிடுவேன். வியாழக்கிழமை எந்த ரேடியோவைத் திருப்பினாலும் வருவாரு. அணைச்சிடுவேன்.” பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் சுற்றி வளைத்து விசாரித்தேன். அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, எங்கள் ஊருக்கு வரவேண்டிய விமானம் ஒன்று காணாமல் போயிருக்கிறது. சிப்பந்திகளும் பயணிகளுமாகப் பதினோரு பேர். அன்று பணியில் இருந்தவர் அவள் அப்பா. கடைசியாக அவருக்கு வந்த தகவலை வைத்து ஒன்பது நாள் கடலில் தேடியிருக்கிறார்கள். ஒரு மரத்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

“அப்பா அந்தத் தகவலை எழுதி வைக்கலேன்னா, எங்க தேடறதுன்னே தெரிஞ்சிருக்காது,” என்றாள். “பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டிக்கு அதைத்தான் எழுதினேன். மொதல் பரிசு.” கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பாராட்டுப் பத்திரத்தைக் காட்டினாள். முப்பது வருடமாக அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. அன்று படித்தேன். கடைசித் தகவலைத் தவறாமல் பதிந்தமைக்கு என்று ஆரம்பித்து, அந்தத் தகவலையும் அச்சிட்டிருந்தார்கள்.

கடல் மேல், எல்லாம் நலம்.

நான் எழுதிய அதே வரி. எழுத்துக்கு எழுத்து.

அவளுக்கு அது அப்பாவின் பெருமை. எனக்கோ, அப்படி ஒரு வரி எப்படி எழுதப்படும் என்று நன்றாகத் தெரியும். உலகத்தில் அது தெரிந்த முந்நூறு பேரில் ஒருவனாக நான் அந்தக் கூடத்தில் நின்றேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்றிரவு அவள் தன் அப்பாவுக்கு ஊட்டிவிடுவதைப் பார்க்கவும் முடியவில்லை. அடுத்த நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் காதருகே குனிந்தேன்.

“மாமா. அந்தக் கடைசித் தகவல் உங்க காதுல விழுந்துதா? இல்ல...”

அவர் குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“வியாழக்கிழமை என்னை மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. அவளும் இருக்கட்டும்.”

நாற்காலியோடு தூக்கினோம். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்க பைத்தியம் அப்பாவுக்கும் ஒட்டிக்கிச்சா?” என்று என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் பிடித்து வந்தாள். ஒன்று நாற்பதுக்குக் கிளப்பினேன். அவளுக்கும் கேட்க வேண்டும் என்பதால் ஹெட்போனை எடுத்துவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டேன். இந்த முறை பதிவேட்டில் நான் எதுவும் எழுதவில்லை. மாமனார் மடியில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன.

இரண்டு முப்பத்தெட்டுக்கு எங்கள் மூவரின் மூச்சும் புகையாகத் தெரிய ஆரம்பித்தது.

நனைந்த கம்பளி வாசனை.

“தரை நிலையம். கேட்குதா?”

மனைவி என் கையைப் பிடித்தாள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்தது எனக்குத் தெரிந்த குரலே இல்லை. இருபத்தொன்பது வயசுக்காரரின் குரல், மிடுக்கான உத்தியோகக் குரல்.

“தரை நிலையம் பேசுறேன். தெளிவா கேட்குது. எங்க இருக்கீங்க, சொல்லுங்க.”

குரல் சொன்னது. நிலையத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை மைல். மாமனார் எழுதினார், திருப்பிப் படித்துக் காட்டினார். “சரிதான்,” என்றது குரல். திரையில் மேகம் வெளுத்துக்கொண்டே போய், வெள்ளையாகி, அப்படியே நின்றுவிட்டது. விசிறிச் சத்தமும் நின்றது.

“அப்பா, யாருப்பா இது?” என்றாள் மனைவி.

“அன்னைக்கு இவர் என்கிட்ட எதுவும் சொல்லலம்மா. இவர் கூப்பிட்டப்போ நான் இல்ல. முன்னாடியே எழுதி வச்சிட்டு, பின்னறையில படுத்துட்டேன்.”

அவள் உடனே பிடித்துக்கொண்டாள். “எனக்குக் காய்ச்சல் வந்து ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தீங்கன்னு அம்மா சொல்லுவாங்களே. அதனாலதானே?”

மாமனார் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் அந்தத் தலையாட்டலுக்காகத்தான் காத்திருந்தாள்.

“அது வேற வாரம்மா. அன்னைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். தூக்கம் வந்துது. தூங்கினேன்.”

மூன்று பத்து.

“விழுந்துட்டோம். பள்ளத்துல இருக்கோம். ஏழு பேர் இருக்கோம். கேட்குதா?”

“கேட்குது,” என்றபடி மாமனார் எழுதினார்.

மூன்று நாற்பது. “மூணாவது நாள். நாலு பேர். குளிர் தாங்கல.”

“கேட்குது.”

நான்கு பத்து. “ஆறாவது நாள். ரெண்டு பேர். தேடற விமானச் சத்தம் இங்க வரைக்கும் வருது சார். கடல் பக்கமே போகுது. ஏன் சார் அந்தப் பக்கமே போறாங்க?”

பென்சில் நின்றுவிட்டது. மனைவி என் கையை விட்டுவிட்டு, தன் அப்பாவைப் பார்த்தபடி சுவரோடு சாய்ந்து நின்றாள். மாமனார் மேசைமேல் இருந்த மைக்கின் பக்கம் குனிந்தார்.

“நான் தப்பா எழுதினேன். அதனால.”

 அந்த அரைமணி நேரமும் நாங்கள் மூவரும் அசையவில்லை.

நான்கு நாற்பது.

“ஒன்பதாவது நாள். சத்தம் நின்னுடுச்சு. நான் ஒருத்தன்தான். இனிமே இங்க உட்கார்ந்து பிரயோஜனமில்ல.” ஒரு பெல்ட்டைக் கழற்றும் சத்தம். “நானே நடந்து வர்றேன்.”

மூன்று நாள் என் மனைவி தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள், மருந்து கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மலைப்பகுதி மீட்புப் படைக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினாள். ‘என் தந்தை கேட்காத ஒன்றைக் கேட்டதாக எழுதினார்’ என்பது முதல் வரி. அடியில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். நோட்டில் இருந்த இடம் எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் அவள் எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் மலைக்கு அல்ல, எங்கள் வீட்டுக்குத்தான் மீட்புப் படை வந்திருக்கும்.

என் பெட்டிகளை மறுபடி கட்டிவைத்துவிட்டேன். கணினியும் இல்லை, ஹெட்போனும் இல்லை. ஆனாலும் அடுத்த வியாழன் இரண்டு நாற்பதுக்கு மாமனார் தலையை ஒருபக்கம் சாய்த்து, “கேட்குது,” என்றார். நோட்டில் ஒரு திசையும் ஒரு தூரமும் எழுதினார். அரைமணிக்கு ஒன்று. நான் அவற்றை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். அதற்கடுத்த வியாழனும் வைத்தேன். மலைச்சரிவு, ஆற்றுப்பாலம், நெடுஞ்சாலை, பிறகு எங்கள் ஊர்க் குளிர்பானத் தொழிற்சாலை. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. என் விமானங்கள் எதுவும் இவ்வளவு நேராக வந்ததில்லை.

மூன்றாவது வியாழன் கடைசிப் புள்ளியை வைத்தபோது, அது எங்கள் தெருமுனை மருந்துக்கடை.

கூடத்தில் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். “ஆமா... ஆமா சார்... சொன்ன இடத்துலேயேவா?” வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“கண்டுபிடிச்சுட்டாங்கப்பா.”

“எத்தனை பேர்?”

“பத்து. ரேடியோக்காரர் சீட்டு மட்டும் காலியாம். பெல்ட் கழட்டியிருக்காம்.”

மாமனார் கண்ணை மூடித் திறந்தார். மணி நான்கு நாற்பது.

“வாசக் கதவைத் திறந்து விடும்மா.”

அவள் போய்த் திறந்தாள். நான் பின்னாலேயே போனேன். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி சைக்கிளில் போனாள். வேறு யாரும் இல்லை.

நனைந்த கம்பளி வாசனை, ஓர் ஆள் உயரத்துக்கு, வாசற்படியில் நின்றது.

என் மனைவி வெகுநேரம் வெற்று வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓரடி விலகி, வழிவிட்டாள்.

“உள்ள வாங்க. அப்பா அந்த அறையிலதான் இருக்காரு.”

இது நடந்து இரண்டு மாதமாகிறது. மாமனார் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அறைக்குள் நாங்கள் தட்டிவிட்டுத்தான் போகிறோம். ஏன் என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நேற்று எக்ஸ்ரே எடுக்க அவரை அழைத்துக்கொண்டு மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். மதியம் கூடத்தில் செய்தித்தாளை விரித்தபோது, சாத்தியிருந்த அந்த அறைக்குள்ளிருந்து, காத்திருந்து பொறுமையிழந்த ஒருவரின் குரல் கேட்டது.

“அவரு எங்க?”

 ஓடிவிடலாம்தான். ஆனால் அந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பதை, ஒவ்வொரு புள்ளியாக, நானே என் கையால் வைத்திருக்கிறேன்.

“இப்ப வந்துடுவாரு சார்,” என்றேன். “உட்காருங்க.”

உள்ளே கட்டில் மெல்லக் கிறீச்சிட்டு அடங்கியது.